பொதுப் பட்டறையின் முதல் செலவு ரேக்காக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியிலோ கல்லூரியிலோ பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பட்டறை ஒன்று திறந்தால் உங்கள் பத்திரிகையில் படம் போடுகிறீர்கள். ரிப்பன் வெட்டுகிறவர், பக்கத்தில் பளபளவென்று புது மெஷின், சுற்றிலும் மாணவர்கள். அந்தப் படத்தில் நான் முதலில் பார்ப்பது பின்னால் தெரியும் சுவரைத்தான். ரேக் இருக்கிறதா, பலகை அடுக்க ஒரு மூலையாவது விட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். பெரும்பாலும் வெறும் சுவர்தான் தெரிகிறது. அந்தச் சுவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம். இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள்.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையின் ஸ்டோரில் 33 வருஷம் வேலை பார்த்தவன். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி என்ஜின் செய்து கொடுத்த பணிமனை அது. ஒரு என்ஜினுக்கு எத்தனை ஆயிரம் உருப்படி வேண்டும் என்பதை ஸ்டோரில் இருந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். ரயில்வேயில் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் பி.எல். நம்பர் என்று ஒன்று உண்டு. வாஷருக்கும் உண்டு, சக்கரத்துக்கும் உண்டு. பொருள் இருக்கும் பெட்டியில் ஒரு அட்டை தொங்கும். பெட்டிக்கு இங்கிலீஷில் பின் (bin), அதனால் அந்த அட்டைக்கு பின் கார்டு என்று பெயர். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் எழுதாமல் ஒரு ஆணிகூட வெளியே போகாது. அந்தப் பழக்கத்தில் ஊறியவன் ஓய்வு பெற்று வெளியே வந்தபோது எனக்குக் கிடைத்தது எங்கள் பகுதியின் பொதுப் பட்டறை.

மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையின் குடோன் அது. 40 அடிக்கு 22 அடி. வாடகை வேண்டாம், சும்மா கிடப்பதற்கு நாலு பேர் பிழைக்கட்டும் என்று உரிமையாளர் சாவியைக் கொடுத்தார். தச்சர் இரண்டு பேர், மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர், பிளம்பர் ஒருவர், வெல்டிங் வைக்கும் பாய் ஒருவர், தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை தயார் செய்யும் அக்கா ஒருவர், அப்புறம் பாலிடெக்னிக் படிக்கும் பையன்கள் ஐந்தாறு பேர். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கட்டிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பொருள் எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் நான் ஆறு மாதம் கழித்துத்தான் அங்கே போனேன்.

போனபோது பார்த்தது இது. மூன்று பெயின்ட் வாளி நிறைய நட்டு போல்ட்டு. சுவரில் சாய்த்த பலகைகள். இடிந்த வீடுகளில் இருந்து வந்த ஜன்னல் சட்டங்கள். பாதி செய்து விட்ட ஸ்டூல் ஒன்று, அதன் மேல் யாருடையதோ மோட்டார். பெஞ்ச் இருந்தது, ஆனால் பெஞ்சின் மேல்பலகை கண்ணில் படவில்லை. வேலை செய்ய வந்தவர்கள் முதல் அரை மணி நேரம் இடம் ஒதுக்கினார்கள், அடுத்த அரை மணி நேரம் ஸ்பேனர் தேடினார்கள்.

அந்த மூன்று வாளியால் வந்த ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். பழைய பம்ப் செட் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. அதில் ஒரு நட்டு இல்லை. பாலிடெக்னிக் தம்பி வாளியைக் கிளறி ஒன்றை எடுத்து மாட்டினான். இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறியது. அப்புறம் இறுகியது. துருவாக இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரை வைத்து அழுத்தினான். மரை, அதாவது திருகின் சுற்றுவரி, போயிற்று, போல்ட்டும் முறிந்தது. உடைந்த துண்டைத் துளைத்து எடுக்கப் பகல் முழுக்க ஆனது. பம்ப் செட்டுக்காரர் வாசலிலேயே நின்றார், அவர் வயலில் தண்ணீர் இல்லை.

பையன் மேல் தவறு கிடையாது. பழைய பம்ப் செட்டில் இருந்தது 5/16 அங்குல போல்ட்டு, இங்கிலாந்துக்காரன் காலத்து மரை. அங்குலத்துக்கு 18 மரை வரும், விட்டம் 7.94 மி.மீ. வாளியில் இருந்து அவன் எடுத்தது எம்8 நட்டு, அதாவது 8 மி.மீ., மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. அங்குலக் கணக்கில் 20 மரைக்குக் கொஞ்சம் கூட. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு சுற்று வரை ஏமாற்றும், அப்புறம் கடித்துக்கொள்ளும். அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் ஒரே வாளியில் கிடந்தால் எப்படிப்பட்ட கைக்காரனும் ஒரு நாள் ஏமாறத்தான் செய்வான்.

அன்றைக்கே நான் மரையை வைத்துப் பார்க்கும் த்ரெட் கேஜ் ஒன்று வாங்கி வந்து உட்கார்ந்தேன். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், பதினோரு நாள். பையன்கள் கூட உட்கார்ந்தார்கள். முதலில் மரை வகை, அடுத்தது விட்டம், கடைசியில் நீளம். இந்த வரிசை முக்கியம். நீளத்தை முதலில் வைத்துப் பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்குலமும் மில்லிமீட்டரும் மறுபடி ஒரே டப்பாவுக்குள் போய்விடும்.

கிளை நூலகத்தில் வேலை செய்யும் ஒரு நண்பர் இதை வேடிக்கை பார்க்க வந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியைப் பார்த்தாராம். சில பட்டைகள், சக்கரங்கள், நட்டு போல்ட்டு. அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மை செய்கிறார்கள். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் என்ன என்று அவருக்கு அங்கேதான் தோன்றியிருக்கிறது. புத்தகங்களை வகை பிரிக்க அவர் செய்த, உலகம் முழுக்க நூலகப் படிப்பில் சொல்லித்தரும் கோலன் பகுப்பு முறை அப்படித்தான் 1933இல் வந்தது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. நம் ஊர்க்காரர் ஒருவருக்கு நட்டு போல்ட்டிலிருந்து நூலகத்துக்கு வழி கிடைத்திருக்கிறது. நாம் நூலகத்திலிருந்து நட்டு போல்ட்டுக்குத் திரும்பி வரலாமே என்று எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

டப்பாவுக்கு வழி சொன்னவர் ஓவியப் பலகை செய்யும் அக்கா. தகர டப்பா வேண்டாம் என்றார். "மூடியத் தொறந்தாத்தான் உள்ள என்னன்னு தெரியும்னா யாரும் தொறக்க மாட்டாங்க சார், புதுசா வாங்கிட்டு வந்துருவாங்க." அவர் சொன்னபடி வீடு வீடாக ஊறுகாய் பாட்டில், பிளாஸ்டிக் ஜாடி எல்லாம் சேர்த்தோம். உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. பெயர் எழுதுவதிலும் ஒரு சிக்கல். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைத் தச்சர் மூலமட்டம் என்கிறார், அதையே பையன்கள் ட்ரை ஸ்கொயர் என்கிறார்கள். இரண்டு பெயரையும் எழுதினோம். எங்கள் மூத்த தச்சருக்குப் படிக்கத் தெரியாது. அவருக்காக ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் உள்ளே இருக்கும் திருகாணி ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். இப்போது படித்தவர்களும் எழுத்தைப் பார்ப்பதில்லை, தொங்கும் ஆணியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

பலகை விஷயத்தில் எங்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் வந்தது. 8க்கு 4 அடி பிளைவுட் ஆறு ஷீட்டு நன்கொடையாக வந்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்தோம், சிமென்ட் தரையில், நேராக. ஐப்பசி மழை முடிந்து எடுத்தபோது அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு ஊதி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அதைவிட மோசம், பின்னால் சுவரிலிருந்து கரையான் புற்று ஏறி நடு இரண்டு ஷீட்டை உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அக்கா அந்த ஷீட்டை நம்பி மூன்று ஓவியத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தார்.

சிமென்ட் தரை காய்ந்த மாதிரி இருக்கும், மழைக்காலத்தில் அடியிலிருந்து ஈரம் ஏறும். இப்போது தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி இரும்புச் சட்டம் போட்டு அதன் மேல் அடுக்குகிறோம். சுவரிலிருந்து அரை அடி தள்ளி. அந்த அரை அடி காற்றுக்கு மட்டும் இல்லை, டார்ச் அடித்து கரையான் மண் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கும். மரப் பலகை என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே கனத்தில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், வைக்க வேண்டும், மேல் ரீப்பரும் கீழ் ரீப்பரும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். கோணலாக வைத்தால் பலகையும் கோணலாகிக் காயும். பிளைவுட்டைச் சாய்த்து வைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முக்கால் அங்குல ஷீட்டு ஒன்று 30 கிலோ இருக்கும். ஆறு ஷீட்டு குழந்தை மேல் சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளும் வருகிறார்கள்.

தீப்பிடித்த கதையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசாட்சி இடம் தராது. தச்சர் ஒரு ஊஞ்சல் பலகைக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார். தேய்த்த துணிகளைச் சுருட்டி மூலையில் மரத்தூள் சாக்கில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் பூட்டிய ஷட்டருக்குள்ளிருந்து புகை வருவதாகப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து சொன்னார். திறந்து பார்த்தால் சாக்கு உள்ளே கனன்றுகொண்டிருந்தது. பீடி இல்லை, வெல்டிங் பொறி இல்லை, கரன்ட்டும் மெயினில் அணைத்திருந்தது. அந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றோடு சேர்ந்துதான் இறுகுகிறது, சேரும்போது சூடு வரும். துணி விரிந்து கிடந்தால் சூடு காற்றில் போய்விடும். சுருட்டி வைத்தால் உள்ளேயே ஏறிக்கொண்டே போய், தானாகவே பற்றிக்கொள்ளும். ஒரு வாளித் தண்ணீரோடு தப்பித்தோம். இரவில் நடந்திருந்தால் குடோனும் இல்லை, ஒட்டியிருக்கும் இரண்டு வீடும் இல்லை.

இப்போது எண்ணெய்த் துணியை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, விறைத்த பிறகுதான் எறிகிறோம். அவசரம் என்றால் தண்ணீர் ஊற்றிய இரும்பு டின்னில் அமுக்கி மூடி வைக்கிறோம். தின்னரும் பெயின்ட்டும் குடோனுக்குள் கிடையாது, வெளியே நிழலில், காற்றுப் போகும் இரும்புப் பெட்டியில். பாய் வெல்டிங் வைக்கும் இடத்திலிருந்து அந்தப் பெட்டி 35 அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது, நானே டேப் பிடித்து அளந்தேன். பாயின் வெல்டிங் ராடு ஈரம் குடித்தால் பற்றில் குமிழி விழும் என்பதால் அவருக்கு ஒரு பழைய தகர பீரோவில், ராடு காய்ந்தே இருக்க, 40 வாட்ஸ் குண்டு பல்பு எரிகிறது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. நான் போவதற்கு முன்பே அங்கே ஒரு சண்டை நடந்திருந்தது. மூத்த தச்சருடைய ரசமட்டம், மட்டம் பார்க்கும் கருவி, காணவில்லை. கடைசியாகக் கேட்டு வாங்கியவர் காயில் கட்டுகிறவர். திருப்பி வைத்துவிட்டேன் என்றார் இவர், வைக்கவில்லை என்றார் அவர். இரண்டு பேரும் இருபது வருஷப் பழக்கம், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் பந்தி பார்த்தவர்கள். இரண்டு மாதம் பேசவில்லை. ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் டீக்கடையில் காத்திருப்பார். பிளைவுட்டை நகர்த்திய அன்று அந்த ரசமட்டம் ஷீட்டுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. தச்சர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் காயில்காரர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ரசமட்டத்துக்கு என்று சுவரில் ஒரு ஆணி இருந்திருந்தால் அந்த இரண்டு மாதம் வந்திருக்காது.

அதற்குத்தான் டோக்கன். பணிமனையில் பித்தளை வில்லை கொடுப்பார்கள், அதில் தொழிலாளியின் நம்பர் அடித்திருக்கும். டூல் ரூமில் வில்லையைக் கொடுத்தால் கருவி கிடைக்கும், கருவியைத் திருப்பிக் கொடுத்தால் வில்லை கிடைக்கும். நாங்கள் பிளைவுட் துண்டில் வட்டமாக வெட்டி ஆளுக்கு ஐந்து கொடுத்தோம். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி, அதன் பின்னால் அந்தக் கருவியின் உருவம் கறுப்புப் பெயின்ட்டில். உளியை எடுத்தால் உளி இருந்த இடத்தில் உன் டோக்கன் தொங்கும். யார் எடுத்தது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பதே பெரிய நிம்மதி. ஆரம்பித்த புதிதில் "எங்க மேல நம்பிக்கை இல்லையா அண்ணே" என்று காயில்காரர் கோபித்துக்கொண்டார். இன்றைக்கு டோக்கன் மாட்டாமல் எடுக்கும் பையன்களை அதட்டுகிறவர் அவர்தான்.

மிச்சத் துண்டுகளை வைத்துக்கொள்வதில்தான் எல்லோருக்கும் ஆசை. "அப்புறம் உதவும்" என்று எதையும் எறிய மனம் வராது, எனக்கும் வராது. ஒரு முழத்துக்குக் குறைந்த மரத்துண்டு டீக்கடை அடுப்புக்கு என்று முடிவு செய்தோம். பிளைவுட் துண்டை மட்டும் அடுப்புக்குக் கொடுப்பதில்லை, அதன் பசை எரிந்தால் வரும் புகை நல்லதில்லை. பாதியில் நிற்கும் வேலைகளுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி, மேலே தேதி எழுதிய சீட்டு. மூன்று மாதம் தொடாமல் இருந்தால் வீட்டுக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. அதற்கு நல்ல நாள் நம்மிடமே இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாக் கருவியையும் இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டு விபூதி குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின நாள் எல்லாம் தரையில் இருக்கும்போதே நான் நோட்டோடு உட்கார்ந்துவிடுவேன். பாய் எண்ணிச் சொல்வார், நான் எழுதுவேன். போன வருஷம் 214 உருப்படியில் இரண்டு குறைந்தது. ஒன்று தேய்ந்து முறிந்து நாங்களே கழித்த அரம். மற்றது ஒரு அரை அங்குல உளி.

ரேக் எல்லாம் பழைய ஸ்லாட்டட் ஆங்கிள், அதாவது துளை போட்ட இரும்புச் சட்டம், காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது. இரும்பு, பெயின்ட், ஆணி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 18,000 ரூபாய்க்குள் முடிந்தது. கட்டிங் மெஷின் விலை இதைவிட அதிகம்.

இதை எதற்காகப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், இப்போது இதற்கெல்லாம் அரசாங்கப் பணம் வருகிறது. அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை ஒதுக்குகிறார்கள், அமைக்க 10 லட்சம், ஐந்து வருஷம் நடத்த 10 லட்சம். ஒரே தொழில் செய்கிறவர்கள் சேர்ந்த தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையங்கள் வருகின்றன. வரட்டும், மனம் நிறைய வரவேற்கிறேன். மதிப்பீடு போடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மெஷின் பட்டியலை எழுதுவதற்கு முன்னால் அறையின் வரைபடத்தை எடுத்து, தரையில் மூன்றில் ஒரு பங்கைப் பொருள் வைக்க என்று கோடு போட்டுப் பிரியுங்கள். நூறு ரூபாயில் இருபது ரூபாயை ரேக், பெட்டி, விளக்கு, கரையான் மருந்து என்று எழுதுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று சொன்ன இடத்தில் யாரும் பார்க்கவில்லை, அதுதான் எங்கள் முதல் வருஷம். நான் சம்பளம் இல்லாமல் செய்கிறேன், எனக்கு ஓய்வூதியம் வருகிறது. எனக்குப் பிறகு வருகிறவருக்கும் வயிறு இருக்கும். எங்கள் ஊர்ப் பணிமனைகளில் ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், மாதம் ஒரு தொகை கொடுத்தால் இன்னும் மரியாதையாக இருக்கும்.

புதிதாகப் பட்டறை தொடங்க நினைப்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். என் முகவரியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை திறந்திருக்கும். ரேக்கை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு டேப் கொண்டுவர வேண்டாம். உள்ளே நுழைந்ததும் இடது கைச் சுவரில், இரண்டாவது வரிசையில், மூன்றாவது ஆணியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை ஸ்டோர் ஊழியர்,
பொன்மலை, திருச்சி.